நிழல் தொலையும் நாளும் சிறுவர் சந்தையும்: வன்னியில் மூன்றாம் தரத்துக்கு ஓர் இளவேனில்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறிய பாடசாலை ஒன்றுக்கு வந்திருக்கும் ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். 3ஆம் தரத்தில் 19 பிள்ளைகள். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகளுடைய வகுப்பில் வசந்தகாலத்தைப் பற்றிச் சில கிழமைகள் படித்துவிட்டு, கடைசி நாளில் பெற்றாரையும் அயலவரையும் கூப்பிட்டுக் கொண்டாடுகிறார்களாம். படங்களைப் பார்த்தவருக்கு ஆசை வந்துவிட்டது. "ஆனால் வன்னியில் வசந்தகாலம் என்று ஒன்று இல்லையே, எதை வைத்துச் செய்வது? அதிபரோ 'ரெண்டு டான்ஸ், ஒரு நாடகம் போட்டால் காணும்' என்கிறார்."

தங்கச்சி, நானும் ஒரு காலத்தில் இங்கே வசந்தம் இல்லை என்று நினைத்தவன்தான். படிப்பிக்க வந்த புதிதில் பருவகாலப் பாடத்துக்கென்று பழைய வெளிநாட்டுக் கலண்டர் ஒன்றை வெட்டிச் சுவரில் ஒட்டினேன். பனி மூடிய வீடு, இலை ஒன்றும் இல்லாத மரம், அதற்குப் பக்கத்தில் துலிப் பூ. முன்வாங்கில் இருந்த ஒரு பெடியன் மொட்டை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "சேர், இந்த மரம் பட்டுப்போச்சுதோ?" "இல்லையடா, குளிருக்கு இலையைக் கொட்டிப்போட்டு நிக்குது. பிறகு துளிர்க்கும்." அவன் நம்பவில்லை. "பட்ட மரந்தான் சேர். விறகுக்கு வெட்டாமல் ஏன் விட்டவங்கள்?"

அவன் சொன்னதில் பிழையில்லை. அவன் கண்ட மரங்களை வைத்துச் சொன்னான். நான்தான் அவன் காணாத மரத்தைக் காட்டிப் பாடம் நடத்தினேன். அன்றைக்கு அந்தப் படங்களைக் கழற்றியதுதான், பிறகு ஒட்டவேயில்லை.

நம்முடைய கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். பிள்ளைகளுக்கு 'வசந்தம்' என்று சொன்னால் சினிமாப் பாட்டுத்தான் ஞாபகம் வரும். 'இளவேனில்' என்றால் பெயருக்குள்ளேயே வேனில் இருக்கிறது, வெயில் தொடங்குகிற காலம் என்று தானாக விளங்கும். கனடாப் பிள்ளை குளிருக்குள் இருந்து வெளியே வருகிற காலத்தில் எங்கள் பிள்ளை வெயிலுக்குள் போகிறது. முதலாந் தவணையின் கடைசிக் கிழமைகளில் உங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று பாருங்கள். காலபோகம் என்கிற மாரிகால நெல் அரிவு முடிந்து மெசின் போய்விட்டது. அடிக்கட்டை நிற்கும் வயலில் மாடுகளை அவிழ்த்துவிட்டிருப்பார்கள். வேம்பு பழைய இலையைக் கொட்டிச் செந்துளிர் விட்டு, அதற்கு மேலால் பூவும் பூத்து நிற்கும். மாவில் பிஞ்சு, கொன்றையில் மஞ்சள், எங்கிருந்தென்று தெரியாமல் குயில். சில பின்னேரங்களில் திடீரென்று இருட்டி ஒரு இடிமழை. இவ்வளவும் இருக்க 'ஒன்றும் இல்லை' என்று நாங்கள் சொல்வது, இது எங்கள் பாடப் புத்தகப் படத்தோடு ஒத்துப்போகாததால்தான்.

அதிபர் சொல்வதை எடுத்தெறியாதீர்கள். அவருக்கு ஒரு டான்ஸ் கொடுத்துவிடுங்கள். ஆனால் கொண்டாட்டம் டான்ஸில் தொடங்கக் கூடாது. மார்ச் முதற்கிழமையில் தொடங்கி, ஐந்தாறு கிழமை பிள்ளைகள் பார்த்ததையும் அளந்ததையும் எண்ணியதையும் ஊர் வந்து பார்க்கிற நாளாக அது இருக்கட்டும். இரண்டு மாதம் வகுப்பை விட்டுவிட்டு ஒத்திகை பார்த்த கலைவிழாக்களை நிறையக் கண்டுவிட்டேன். உடுப்பு வாடகைக்கு எடுக்கக் காசில்லாத பிள்ளை அன்றைக்குக் காய்ச்சல் என்று வராது. அந்தக் காய்ச்சலுக்கு மருந்தும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? எனக்கு மிகவும் பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு மீற்றர் நீளமான நேரான தடி ஒன்றை முற்றத்தில், நாள் முழுக்க வெயில் படுகிற இடத்தில் செங்குத்தாக நடுங்கள். நிலத்துக்கு மேலே சரியாக ஒரு மீற்றர் நிற்க வேண்டும். கல்லில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சரிவு பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் மேசன்மாராக மாறிவிடுவார்கள். கிழமைக்கு ஒரு நாள், நண்பகலில் அதன் நிழலை அளக்க வேண்டும். இங்கே உச்சி என்பது மணிக்கூட்டின் 12 இல்லை. மார்ச் தொடக்கத்தில் 12.20 அளவிலும், ஏப்ரல் நடுவில் 12.07 அளவிலுந்தான் சூரியன் உச்சிக்கு வரும். நிழலின் நுனியில் ஒரு சிறு கல்லை வைத்துத் திகதியை எழுதிவிடுங்கள். மார்ச் முதலாந் திகதி நிழல் 30 சென்ரிமீற்றர் அளவில் வடக்கே நீட்டிக்கொண்டிருக்கும். பகலும் இரவும் ஏறக்குறைய ஒன்றாகிற மார்ச் 20, 21இல் அது 16 ஆகிவிடும். ஏப்ரல் முதலாந் திகதி 8 அல்லது 9. ஏப்ரல் 8இல் ஒரு பிள்ளையின் இரண்டு விரல் அகலம்.

பிறகு? பிறகு பள்ளிக்கூடம் லீவு. அங்கேதான் விஷயமே இருக்கிறது. இலங்கைக்கு மேலாகச் சூரியன் ஏப்ரல் 5இலிருந்து 15 வரையில், தெற்கிலிருந்து வடக்காக நேர் உச்சியில் கடந்து போகிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்துக்கு அது வரும் நாள் ஏப்ரல் 13, 14. சித்திரை வருசப்பிறப்பு! அன்றைக்கு மதியம் தடிக்கு நிழல் இல்லை. எல்லா நிழலும் காலுக்குள் போய்விடும். இதை முன்கூட்டிச் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். கல்லுகளின் வரிசையைக் காட்டி, "இப்பிடியே போனால் எண்டைக்கு இல்லாமல் போகும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் ஒவ்வொரு நாளைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதி வையுங்கள். வருசப்பிறப்பன்று வீட்டு முற்றத்தில் ஒரு போத்தலை நிறுத்தி வைத்துப் பார்த்துவரச் சொல்லிவிடுங்கள். நான் இதை முதன்முதல் செய்த வருடம், லீவு முடிந்து வந்த முதல் நாள், ஒரு பிள்ளை வாசலிலேயே என்னை மறித்துச் சொன்னது: "சேர், எங்கட கிணத்துக்குள்ள சூரியன் விழுந்து கிடந்தது." உச்சி வெயில் கிணற்றின் அடிவரை நேராக இறங்கியதைத்தான் அப்படிச் சொன்னது. அந்த வசனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை.

உங்கள் அக்காவின் மகளையும் இதற்குள் இழுங்கள். மார்ச் 20 அளவில் ரொறன்ரோவில் அதே ஒரு மீற்றர் தடிக்கு உச்சி நிழல் 96 சென்ரிமீற்றர். நம்முடையது 16. டிசம்பர் 21, 22இல் அங்கே அது இரண்டேகால் மீற்றரைத் தாண்டும். வட்ஸ்அப்பில் அந்தப் பிள்ளை தன் நிழலை அளந்து படம் அனுப்பட்டும், நம்முடைய பிள்ளைகள் தங்களுடையதை அனுப்பட்டும். அங்கே பனி உருகுவதும் இங்கே தார்ரோட்டில் கால் சுடுவதும் ஒரே சூரியனின் ஒரே பயணந்தான் என்பது அந்த இரண்டு கோடுகளில் விளங்கிவிடும். அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டிருப்பார்கள், அதனால் உச்சி அங்கே பின்னேரம் 1.25 அளவில் வரும். அதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை பிழையான நேரத்தில் அளந்துவிடும்.

முளைக்கப்போடுவதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, எல்லா ரீச்சர்மாருக்கும் தெரியும். பயறு இரண்டு நாளில் வாய் திறக்கும், கச்சான் (நிலக்கடலை) சுணங்கும். ஒன்று மட்டும்: எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விதையைக் கொடுக்காதீர்கள். பயறு, உழுந்து, எள்ளு, கச்சான், நெல் என்று வீட்டில் விதைக்கிறதையே கொண்டுவரச் சொல்லுங்கள். எது முந்துகிறது என்று பந்தயம் வைக்கட்டும். 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாளுக்குக் கீழே வகுப்பு நடத்தினபோது எங்களிடம் கொப்பியே போதாது. ஒரு பிள்ளை தண்ணீர்ப் போத்தலை வெட்டி, நிவாரணப் பொதியில் வந்த பயற்றில் நாலைப் போட்டு வைத்திருந்தது. முளைத்ததைப் பார்க்கப் பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர்களும் வந்து குந்தியிருந்தார்கள். முளைக்கப்போட இடமும் செலவும் ஒரு சாட்டில்லை என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

கச்சான் என்றதும் இன்னொன்று. முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளைகளுக்குக் கச்சான் என்றால் தின்கிறதும் அதுதான், வீசுகிறதும் அதுதான். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று நாலு திசைக் காற்றுக்கும் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் தெரியும். வயற்கரைப் பிள்ளைக்குத் தெரியாது. அதே மாதிரி, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்பது வயற்காரன் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. இரணைமடுவென்றால் 36 அடி கொள்ளும், முத்தையன்கட்டுக்கும் வவுனிக்குளத்துக்கும் அதனதன் கணக்கு. பங்குனி சித்திரையில், கோடைகால நெல்லான சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் செய்ய விடுவது என்று கூட்டம் போடுவதே அந்த அடிக்கணக்கை வைத்துத்தான். கிழமைக்கொரு தரம் ஒரு பிள்ளை தகப்பனிடமோ மாமாவிடமோ கேட்டு வந்து சுவரில் எழுதட்டும். நிழலும் குறுகும், குளமும் இறங்கும். இரண்டு கோடும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அதுதான் உங்கள் இளவேனில் படம். துலிப் வேண்டாம்.

பெருநாட்களுக்கு வருவோம், ஏனென்றால் ஊர் உள்ளே வருவது அந்த வழியால்தான். மாசியிலிருந்து வைகாசி வரை இங்கே சிவராத்திரி, பங்குனித் திங்கள், பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு, வருசப்பிறப்பு, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், வெசாக் என்று வரிசையாக வருகின்றன. சில வருடங்களில் நோன்புப் பெருநாளும் இதற்குள் விழும். 'பல்சமய விழா' என்று நாலு பிள்ளைக்கு நாலு வேசம் போட்டு மேடையில் ஏற்றுவதை நான் விரும்புவதில்லை. அதைவிட நல்லது ஒரு நீளக் கலண்டர்: மூன்று வருடத்து மார்ச், ஏப்ரல், மே மாதங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி, ஒவ்வொரு பெருநாளையும் ஒரு நிறத்தில் பிள்ளைகளே குறிக்க வேண்டும். வருசப்பிறப்பு அசையாமல் ஏப்ரல் 13, 14இலேயே நிற்கும். நோன்புப் பெருநாள் வருடத்துக்குப் பதினொரு நாள் அளவில் முன்னுக்கு ஓடும். உயிர்த்த ஞாயிறு மார்ச் 22இலிருந்து ஏப்ரல் 25 வரை எங்கேயும் விழலாம். சூரியனைப் பார்க்கிற பெருநாள் எது, நிலவைப் பார்க்கிறது எது, இரண்டையும் பார்க்கிறது எது என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளை பிடித்துவிடும். நீங்கள் மூச்சுவிடாமல் இருந்தால் போதும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் வருடப்பிறப்பு நேரம் வேறு வேறாக இருப்பதை ஒரு பிள்ளை கட்டாயம் எழுப்பும். அதில் எந்தப் பக்கமும் நிற்காதீர்கள். வீட்டுக்கு வீடு சண்டை வரும்.

வருசப்பிறப்பன்று தலையில் வைத்துக் குளிக்கிற மருத்துநீரையும் ஒரு பாடமாக்கலாம். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், சுக்கு, திப்பிலி என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். அதில் எத்தனை உங்கள் ஊரில் கிடைக்கிறது, எது இல்லை, இல்லாததற்குப் பதிலாக அம்மம்மா எதைப் போடுகிறா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். காய்ச்ச வேண்டாம், வகுப்பில் நெருப்பு வேண்டாம். செடிகளை ஒரு சுளகில் பரப்பி வைத்து, கண்ணைக் கட்டி மணந்து பார்த்துப் பெயர் சொல்கிற விளையாட்டாக்குங்கள். சுக்கில் எல்லாரும் தும்முவார்கள்.

ஊர் ஆட்களைக் கூப்பிடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவர்களைப் பார்வையாளராகக் கூப்பிட்டால் கதிரையில் இருந்து கைதட்டிவிட்டுப் போவார்கள். தெரிந்தவராகக் கூப்பிடுங்கள். மாடுகளை விட்டு நெற்சூடு மிதித்த காலத்துத் தாத்தா ஒருவர் உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் இருக்கமாட்டார். ஆனால் "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கோ தாத்தா" என்றால் அவர் ஒரு மணித்தியாலம் பேசுவார், பிள்ளைகள் கொட்டாவி விடும். கேள்வியைச் சின்னதாக்கிக் கொடுத்து அனுப்புங்கள். களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் ஏன் பொலி என்று சொன்னீர்கள்? அளக்கும்போது முதலாவதை 'ஒன்று' என்னாமல் ஏன் 'லாபம்' என்று எண்ணினீர்கள்? வைக்கோலை உதறுகிற கம்புக்கு ஏன் வேலைக்காரன் என்று பேர்? இப்படிக் கேட்டால் தாத்தா நிமிர்ந்து உட்காருவார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒருவர் பதில் சொல்லவில்லை, எழுந்து நின்று அளந்து காட்டினார். கையில் மரக்கால் இல்லை, வெறுங்கைதான். "லாபம்... லாபம்... ரெண்டு... ரெண்டு..." என்று அவர் குரல் இழுத்த இழுப்பில் பக்கத்து வகுப்பும் வந்து யன்னலில் தொங்கியது. பிறகு ஒரு மாதத்துக்கு எங்கள் வகுப்பில் எதை எண்ணினாலும் லாபத்தில்தான் தொடங்கும். கணித மதிப்பீட்டுக்கு வந்த அலுவலர் ஒருவர் அதைக் கேட்டு முழித்தது வேறு கதை.

இனிச் சிறுவர் சந்தை. உங்கள் கடைசி நாளுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. இது புதிதில்லை, எங்கள் ஆரம்பப் பிரிவுகளில் பரவலாக நடக்கிறதுதான். ஆனால் நடக்கிற விதம் பல இடங்களில் பிழை. பெற்றார் முதல்நாள் பட்டணத்துக்குப் போய் பிஸ்கற், சோடா, பிளாஸ்ரிக் சாமான் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் கடை, இதுவும் கடை, பிள்ளை படித்தது என்ன? வேறொரு இடத்தில், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த விருந்தினருக்காகக் காத்து, மாலை போட்டு, ஐந்து பேர் பேசி முடிக்கப் பத்தரை மணி. அதற்குள் கீரையெல்லாம் தலை சாய்ந்துவிட்டது. ஒரு பிள்ளை தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தன் சட்டையை நனைத்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு நானும் அந்த மேடையில் கதிரையில் இருந்தவன், அதனால் இதை யார் மேலும் போடவில்லை.

என் விதிகள் இரண்டு. வீட்டு வளவில், வயலில், கடலில், குளத்தில் கிடைத்ததை மட்டும் விற்கலாம். முருங்கைக்காய், தேசிக்காய், பொன்னாங்காணி, வாழைப்பொத்தி, ஊர்க்கோழி முட்டை, அவித்த கச்சான், ஒடியல், கருவாடு, நுங்கு, அம்மா இடித்த மிளகாய்த்தூள், பன்னப்பெட்டி. வளவே இல்லாத பிள்ளைக்கு? இங்கே அப்படிப் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்காகத்தான் இரண்டாவது விதி: விற்பனை தனித்தனியாக இல்லை, நாலு பேர் சேர்ந்து ஒரு கடை. ஒருவர் பொருள் கொண்டுவருவார், ஒருவர் விலைப்பலகை எழுதுவார், ஒருவர் தராசு, ஒருவர் கல்லாப்பெட்டி. இலாபம் வகுப்புக்கு. யார் எவ்வளவு உழைத்தது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கவே கூடாது.

கணிதம் முழுக்கச் சில்லறையில் இருக்கிறது. கழித்தலைக் கொப்பியில் நன்றாகச் செய்கிற பிள்ளை 100 ரூபாய்த் தாளைக் கண்டதும் திகைக்கும். முதற்கிழமையே தாள் வெட்டிப் பொய்க்காசு செய்து பழக்குங்கள். கழிக்க வேண்டாம், ஏறச் சொல்லுங்கள். எங்கள் சந்தையில் ஒரு பிள்ளை, வாயில் முன்பல் இரண்டும் இல்லை, ஒரு கட்டுக் கீரை 60 ரூபாய்க்கு விற்றது. கிராம அலுவலர் 100 ரூபாய் கொடுத்தார். அவரை நிமிர்ந்தும் பார்க்காமல், பத்து ரூபாய்க் குற்றிகளை ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தது: "அறுவது... எழுவது, எண்பது, தொண்ணூறு, நூறு." நாலு குற்றி. பிறகு கையை மூடிவிட்டது, அவருடைய கையை. அவர் பேரம் பேசி "அம்பதுக்குத் தாருங்கோவன்" என்றுதான் தொடங்கியிருந்தார். "விலைப்பலகையில எழுதினது, அழிக்கேலாது" என்று பதில் வந்தது. பலகை எழுதினவன் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

அன்றைக்கு முன்கூட்டியே வங்கியிலோ கடையிலோ சில்லறை மாற்றி வைத்துவிடுங்கள். கடைக்கு 200 ரூபாய் அளவில் பத்து ரூபாய்க் குற்றிகள் இருந்தால் முதல் அரை மணித்தியாலம் தப்பலாம். மண்டபம் தேவையில்லை. வாகையோ வேம்போ நிழல் இருக்கிற இடத்தில் சாக்கு விரித்தால் அதுதான் சந்தை. பார்க்க வருகிறவர்கள் வரும் வழியில் பிள்ளைகளின் வேலைகள் இருக்கட்டும்: கல்லு வரிசையோடு நிழல் தடி, குளத்து அடிக்கணக்கு, கலண்டர், முளைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பிள்ளை நின்று விளக்க வேண்டும், எழுதிப் பாடமாக்கினதை ஒப்பிக்கக் கூடாது. பெற்றார் கேட்பதற்கென்று நீங்களே ஒன்றிரண்டு குழப்படிக் கேள்விகளை அவர்கள் காதில் போட்டுவிடலாம். நான் போட்டிருக்கிறேன். நடுவில் அதிபரின் டான்ஸ். பிறகு கிளித்தட்டு, சாக்கோட்டம், தேசிக்காய்க் கரண்டி, முட்டி உடைத்தல். தாய்மாருக்கு ஒரு கிளித்தட்டு வைத்துப் பாருங்கள், அன்றைய நாளே அவர்களுடையதாகிவிடும்.

இரண்டாந் தவணைக்கு வற்றாப்பளையை எடுத்து வையுங்கள். வைகாசிப் பொங்கலுக்கு முன், அந்தக் கதையை ஒரு அம்மம்மாவைக் கொண்டு சொல்லுவியுங்கள். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவரிடம் ஒரு கிழவி வருகிறா. பசி என்கிறா. பொடியள் புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை, கடல்நீரை விட்டு எரியுங்கோ என்கிறா. எரிகிறது. தலையில் பேன் பாருங்கோ என்கிறா, மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி என்று ஊர் சொல்லும். இன்றைக்கும் பொங்கலுக்கு முன் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து அந்த உப்புநீரில் விளக்கெரித்துத்தான் வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறார்கள். கதையில் முக்கியமான ஆட்கள் பெரியவர்கள் இல்லை, மாடு மேய்த்த பொடியள். அதனால் எந்தச் சமயத்துப் பிள்ளையும் வாய் பிளந்து கேட்கும். 'பேன் பார்க்கிற' இடத்தில் கதையை நிறுத்தி, மிச்சத்தைப் படமாக வரையச் சொல்லுங்கள். பாலைப்பழமும் அந்தத் தவணையில்தான் வரும். அதைத் தின்று உதடு ஒட்டிப்போய் வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கிற பிள்ளையைக் கண்டால் ஏசாதீர்கள். கரடியும் அதைத்தான் தேடி வரும், அதையே ஒரு பாடமாக்கலாம்.

வெளியூரிலிருந்து வந்தவர் என்பதால் சிலதை நேராகச் சொல்கிறேன். மே நடுப்பகுதியில் எந்தக் கொண்டாட்டமும் வைக்காதீர்கள். 2009 போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களை நினைத்து, 18ஆந் திகதி வரைக்கும் இந்த ஊர்களில் கஞ்சி காய்ச்சுவார்கள், விளக்கேற்றுவார்கள். உங்கள் பிள்ளைகள் 2009இற்குப் பிறகு பிறந்தவர்கள், ஆனால் அவர்களைத் தூக்கி வளர்க்கிற அம்மம்மாவும் பெரியம்மாவும் முள்ளிவாய்க்கால் கரையால் வந்தவர்கள். 'அப்பாவோடு வாருங்கள்' என்று அழைப்பில் எழுதாதீர்கள். 'வீட்டிலிருந்து ஒருவர்' போதும். குடும்ப மரம் வரைகிற செயற்பாட்டைப் பாடநூல் சொன்னாலும், 'என்னோடு சோறு தின்கிற ஆட்கள்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். பூப் பார்க்க, பறவை பார்க்க என்று வெளியே கூட்டிப் போனால் ஊர் நடக்கிற பாதையை விட்டு ஓரடி கூட இறங்கக் கூடாது. கண்ணிவெடி எடுத்து முடித்த இடம், முடிக்காத இடம் உங்களுக்குத் தெரியாது, கிராம அலுவலருக்குத் தெரியும். அவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். குளக்கட்டில் முதலையும், பின்னேரத்தில் யானையும். காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் போய்வந்துவிட்டால் வெயிலுக்கும் தப்பலாம்.

காசு வாங்காதீர்கள். 19 வீட்டில் ஐந்து வீடு 'நாளைக்குத் தாறன்' என்று சொல்லிப் பிறகு பிள்ளையை அனுப்பாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுண்டு பச்சையரிசி, கொஞ்சம் பயறு, தேங்காய்க்கு மரம் இருந்தால் ஒரு தேங்காய் என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூட அடுப்பில் தாய்மாரே புக்கை பொங்கிவிடுவார்கள். யார் கொண்டுவந்தது, யார் கொண்டுவரவில்லை என்று பானைக்குத் தெரியாது.

தடி விஷயத்தில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். காட்டுக் கம்பை நட்டால் மூன்று கிழமையில் கறையான் அரித்து ஒரு பக்கம் சரியும், அளவெல்லாம் பிழைக்கும். எனக்கு அப்படித்தான் ஒரு வருடம் போனது, நிழல் திடீரென்று நீண்டதை வைத்துப் பிள்ளைகள் சூரியன் திரும்பிப் போகுது என்றுவிட்டார்கள். முதிரையோ இரும்புக் கம்பியோ கிடைத்தால் நல்லது. சுற்றிவர நாலு முள்ளுக் கொப்பையும் வைத்துவிடுங்கள், ஆடு முதுகு தேய்க்க வரும்.